டேப்லெட்டில் மைக்கோடு வரையும்போது கோடு உயிரிழப்பது ஏன்?

தொடுபேனா கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 18 ஆண்டுகளாகச் சிறுபத்திரிகைக் கதைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் வரைந்து வருகிறேன். மையில் தொட்டு வரையும் எஃகு நிப்பு, இந்தியன் இங்க், கார்ட்ரிட்ஜ் தாள் ஆகியவற்றைத் தவிர வேறு கருவி எதையும் நான் பழகியதில்லை. ஆனால் அண்மைக் காலமாக, படத்தை அனுப்பிய பிறகும் பாட்டியின் கையில் ஒரு குடை இருக்கட்டும் என்றோ, பின்னால் இருக்கும் மரத்தை எடுத்துவிடுங்கள் என்றோ திருத்தங்கள் வருவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுப் படத்தையும் மறுபடி வரைந்து ஸ்கேன் செய்து அனுப்புவது இயலாமல் போகவே, நான்கு மாதங்களுக்கு முன்பு பேனாவுடன் வரும் ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டை வாங்கினேன். திரை 10.4 அங்குலம், 2000 × 1200 புள்ளிகள், ரேம் 4 ஜிபி. கட்டணமில்லாமல் கிடைப்பதாலும், கணினியில் உள்ள அதே வசதிகள் டேப்லெட்டிலும் இருப்பதாலும் கிரிட்டா என்ற ஓவியச் செயலியைத் தேர்ந்துகொண்டேன்.

லேயர்களைப் பழகுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பென்சில் வரைவு ஒரு லேயரிலும் மைக்கோடு அதன் மேல் இன்னொரு லேயரிலும் இருப்பது, ஒளிப்பெட்டியில் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைவதைப் போன்றதுதான். என் துன்பம் கோட்டைப் பற்றியது.

ஒரு முகத்தின் கன்னத்தையோ சேலை மடிப்பையோ நிதானமாக இழுக்கும்போது கோடு நடுங்குகிறது. தாளில் என் கை நடுங்குவதில்லை. நடுக்கத்தைப் போக்க, கோட்டைத் தானாகச் சீராக்கும் ஸ்டெபிலைசர் என்ற அமைப்பைக் கூட்டினால் கோடு வழுவழுவென்று வந்துவிடுகிறது, ஆனால் அது முறுக்கிய கம்பியைப் போல இருக்கிறதே தவிர நான் வரைந்த கோடாக இல்லை. எங்கே அழுத்தினேன், எங்கே தயங்கினேன், எங்கே விரைந்தேன் என்பது எதுவும் அதில் தெரிவதில்லை. இதனோடு இன்னொன்றும் நடந்தது. டெம்மி 1/8 அளவுள்ள ஒரு நூலுக்கு முழுப்பக்கப் படம் ஒன்றை இப்படி வரைந்து அனுப்பினேன். திரையில் கூர்மையாக இருந்த கோடுகள் அச்சில் மங்கிப்போய், விளிம்புகள் பொடிப்பொடியாகத் தெரிந்தன.

குறை என் கையிலா, கருவியிலா, மென்பொருளிலா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இதைவிட விலை கூடிய கருவியை வாங்கினால்தான் தீருமா, அல்லது இருப்பதைக் கொண்டே சரிசெய்ய வழி உண்டா? இந்த வழியில் எனக்கு முன்பே நடந்தவர்கள் சொல்லித் தந்தால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.


கோடும்நிழலும் எழுதியது:

வணக்கம் ஐயா. நானும் நிப்பிலிருந்து டேப்லெட்டுக்கு வந்தவன்தான். முதல் ஓராண்டு ஏறக்குறைய இதே கேள்விகளோடுதான் கழிந்தது. குறை மூன்று இடங்களிலும் சிறிது சிறிதாக இருக்கக்கூடும். ஆனால் எது எவ்வளவு என்று தெரியாமல் ஸ்டெபிலைசரைக் கூட்டுவது, காய்ச்சலின் காரணம் அறியாமல் மாத்திரை போடுவதற்கு ஒப்பாகும். ஆகவே முதலில் பிரித்துப் பாருங்கள்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஃப்ரீஹேண்ட் பிரஷ் கருவியின் அமைப்பில், கோட்டைச் சீராக்கும் ஸ்மூதிங் என்பதை 'நன்' (எதுவும் வேண்டாம்) என்ற நிலையில் வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைத் திரையின் மீது சாய்வாக வைத்துக்கொண்டு, அதன் ஓரமாகப் பேனாவை மிக மெதுவாக ஒருமுறையும் விரைவாக ஒருமுறையும் இழுங்கள். அளவுகோலின் ஓரத்தில் கை நடுங்க வழியில்லை அல்லவா? அப்படியும் மெதுவாக இழுத்த கோடு ஒரே சீரான இடைவெளியில் அலை அலையாக வந்தால், அந்த நடுக்கம் கருவியுடையது. பேனாவின் இடத்தை அறிவதற்காகத் திரைக்கு அடியில் உணர்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் அமைந்திருக்கின்றன. பேனாமுனை இரண்டு கம்பிகளுக்கு இடையில் நிற்கும்போது அதன் இடத்தைக் கருவி கணக்கிட்டே சொல்கிறது. அந்தக் கணக்கில் வரும் மிகச் சிறிய பிழைதான் சாய்கோட்டில் அலையாகத் தெரிகிறது. விரைந்து இழுக்கும்போது இடையில் எடுக்கப்படும் அளவீடுகள் குறைவாக இருப்பதால் அலை பெரும்பாலும் தெரியாது. உலோக அளவுகோலைத் தவிர்த்துவிடுங்கள்; மின்காந்த முறையில் இயங்கும் பேனாவாக இருந்தால் உலோகம் அதன் அளவீட்டைக் குழப்பும்.

அடுத்தது, நான் மிக முக்கியமானதாகக் கருதுவது: நீங்கள் எந்த அளவில் வரைகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிகிறதா? தாளில் இந்தக் கேள்வியே எழாது. அச்சில் 10 செ.மீ. வரவேண்டிய படத்தை 15 செ.மீ. அகலத்தில் வரைந்து, சுருக்கிப் போடச் சொல்வது நம்மில் பலருடைய பழக்கம். சுருங்கும்போது சிறு தடுமாற்றங்கள் மறைந்து கோடு இறுகிவிடும். டேப்லெட்டில் இரண்டு விரல்களைப் பிரித்தவுடன் படம் பெரிதாகிவிடுவதால், நாம் எந்த அளவில் நிற்கிறோம் என்ற உணர்வே போய்விடுகிறது.

உங்கள் திரையையே கணக்கில் எடுத்துக்கொள்வோம். 10.4 அங்குல மூலைவிட்டத்தில் 2000 × 1200 புள்ளிகள் என்றால், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 224 புள்ளிகள். நீங்கள் 600 டிபிஐ (அச்சில் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஒரு கான்வாஸைத் திறந்து 100 விழுக்காடு ஜூமில் வரைந்தால், அச்சில் வரப்போவதைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்கு பெரிதாக வரைகிறீர்கள். 200 விழுக்காட்டில் அது 5 மடங்கைத் தாண்டிவிடும். அந்த அளவில் ஒரு கன்னத்தின் வளைவு திரையின் பாதியை அடைத்துக்கொள்ளும். தாளில் மணிக்கட்டின் ஒரே அசைவில் முடிந்த கோட்டை இங்கே முழங்கையையும் தோளையும் அசைத்து வரைய வேண்டியிருக்கிறது. அது உங்கள் கைக்குப் பழக்கமில்லாத அசைவு, அதனால் மெதுவாக இழுக்கிறீர்கள், மெதுவாக இழுப்பதால் நடுங்குகிறது. கை கெட்டுவிடவில்லை.

அச்சளவிலேயே பார்க்க வேண்டுமானால் 600 டிபிஐ கான்வாஸை ஏறத்தாழ 37 விழுக்காட்டிலும், ஒன்றரை மடங்கில் பார்க்க வேண்டுமானால் 56 விழுக்காட்டிலும் வைக்க வேண்டும். விழுக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ள விருப்பமில்லையென்றால், கான்வாஸின் ஓரத்தில் தனி லேயரில் அச்சில் 10 செ.மீ. வரக்கூடிய ஒரு கோட்டைப் போட்டு வையுங்கள். திரைமீது அளவுகோலை வைத்து, அந்தக் கோடு 15 செ.மீ. காட்டும்வரை ஜூமை மாற்றுங்கள். அந்த நிலையை விட்டு அகலாமல் ஒரு வாரம் வரைந்து பாருங்கள். மிக நுண்ணிய இடங்களுக்காக உள்ளே சென்றாலும், அந்த வேலை முடிந்தவுடன் மீண்டும் இந்த அளவுக்கே திரும்பிவிடுங்கள். அரைப்பக்கப் படமாக 12 × 9 செ.மீ. கேட்கிறார்கள் என்றால், ஒன்றரை மடங்கில் அது 18 × 13.5 செ.மீ.; உங்கள் திரையின் பரப்பு ஏறத்தாழ 22.7 × 13.6 செ.மீ. என்பதால், திரையோரக் கருவிப் பெட்டிகளை மறைத்துவிட்டால் முழுப்படமும் ஒரே பார்வையில் அடங்கும். முழுப்பக்கப் படம் அடங்காது. அதை அச்சளவில் முழுதாகப் பார்த்து வரைவை முடித்துக்கொண்டு, மையிடும்போது மட்டும் பகுதி பகுதியாக ஒன்றரை மடங்குக்குச் செல்ல வேண்டும்.

இனி ஸ்டெபிலைசர். கிரிட்டாவில் ஸ்மூதிங் நான்கு நிலைகளில் இருக்கிறது: நன், பேசிக், வெயிட்டட், ஸ்டெபிலைசர். கடைசி இரண்டும் பேனா கடந்துவந்த இடங்களைச் சராசரி எடுத்தே கோட்டைப் போடுகின்றன. அதனால்தான் கோடு பேனாவுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. சராசரியில் நடுக்கம் கரைவதைப் போலவே, நீங்கள் வேண்டுமென்றே செய்த சடுதியான திருப்பமும் கரைந்துவிடும். அதோடு, ஸ்டெபிலைசரில் 'ஸ்டெபிலைஸ் சென்சார்ஸ்' என்றும் வெயிட்டடில் 'ஸ்மூத் பிரஷர்' என்றும் ஒரு தெரிவு இருக்கிறது. அது இயங்கும்போது இடம் மட்டுமல்லாமல் அழுத்தமும் சராசரியாகிவிடுகிறது. உங்கள் கோடு கம்பியாகிப் போனதற்கு முதல் காரணம் இதுவாகவே இருக்கும் என்பது என் எண்ணம். அந்தத் தெரிவை எடுத்துவிட்டு, வெயிட்டடில் சராசரி எடுக்கும் தொலைவைக் குறைவாக வைத்து வரைந்து பாருங்கள். ஸ்டெபிலைசர்தான் வேண்டும் என்றால் அதில் உள்ள 'டிலே' என்ற அமைப்பைப் பாருங்கள். அது பேனாவைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தை அமைத்து, பேனா அந்த வட்டத்தைத் தாண்டும்போது மட்டுமே கோட்டை நகர்த்துவதால், மூக்கு நுனி, கண்ணோரம் போன்ற கூரிய திருப்பங்கள் மழுங்காமல் வரும்.

நிப்பு பழகியவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. எஃகு நிப்பு நம்மை நோக்கி இழுக்கும்போதுதான் விரிந்து தடித்த கோட்டைத் தரும். மேல்நோக்கித் தள்ளினால் தாளைக் கீறும். ஆகவே நம் கை, தள்ளும் கோடுகளை இயல்பாகவே இலேசாகப் போடும், அல்லது தாளைத் திருப்பிக்கொண்டு அதையும் இழுகோடாக மாற்றிவிடும். டேப்லெட் பேனாவுக்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் தடிக்கும். இதனால் தடிப்பு வரக்கூடாத இடங்களில் வந்துவிடுகிறது. இதற்கு நான் கண்ட வழி, தாளைத் திருப்பும் பழக்கத்தை விடாமல் இருப்பதுதான்: இரண்டு விரல்களால் கான்வாஸைச் சுழற்றி, ஒவ்வொரு முக்கியமான கோட்டையும் உங்களை நோக்கியே இழுங்கள். விரலால் வரையும் வசதியை அமைப்பில் அணைத்துவிட்டால் உள்ளங்கை பட்டுக் கறை விழாது, விரல்கள் சுழற்றுவதற்கும் நகர்த்துவதற்கும் மட்டும் பயன்படும்.

பேனாவை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அழுத்த வளைகோட்டையும் மாற்ற வேண்டும். நிப்பு சற்று நேரம் அழுத்தத்தைப் பொறுத்திருந்து பிறகு விரியும். டேப்லெட்டில் இயல்பாக உள்ள வளைகோடு நேர்கோடாக இருப்பதால் தொட்டவுடன் தடிக்கத் தொடங்கிவிடும். இங்க்-3 ஜி-பென் என்ற தூரிகையை எடுத்துக்கொண்டு, அதன் அளவுக்கான அழுத்த வளைகோட்டின் முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாழ்வாக வைத்து, பிறகு ஏறும்படி வளைத்துப் பாருங்கள். எல்லாத் தூரிகைகளுக்கும் பொருந்தும் ஒரு வளைகோடு டேப்லெட் அமைப்பில் தனியாக இருக்கிறது; உங்கள் கை கனமானதா இலேசானதா என்பதை அங்கேயும், நிப்பின் தன்மையைத் தூரிகையிலும் சரிசெய்வது நல்லது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

கடைசியாக ஒன்று. கோட்டை நீக்கி மறுபடி போடும் வசதி நல்லதுதான். ஆனால் ஒரே கோட்டை 20 முறை போட்டால், இருபதாவது கோடு எச்சரிக்கையோடு வருமே தவிர உயிரோடு வராது. ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் மை தெறித்த இடமும் நிப்பு தடம் மாறிய இடமும் அப்படியே இருப்பதால்தானே அந்த வேகம் இன்றும் கண்ணில் படுகிறது. நான் ஒரு கோட்டுக்கு மூன்று முறைக்கு மேல் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.


அச்சுக்கூடம் எழுதியது:

வணக்கம். சிவகாசியில் ஆஃப்செட் அச்சுக்கு முந்தைய கோப்பு வேலைகளை 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருகிறேன். முழுப்பக்கப் படம் மங்கியதற்குக் கோப்பின் அளவுதான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது. திரையின் அளவிலேயே, அதாவது 2000 × 1200 புள்ளிகளில் கான்வாஸைத் திறந்தீர்களா? டெம்மி 1/8 பக்கத்தின் அகலம் ஏறத்தாழ 14 செ.மீ. அதில் 1200 புள்ளிகளைப் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 218 புள்ளிகள்தான் வரும். வண்ண நிழற்படத்துக்கு 300 போதும். மைக்கோட்டுக்கு அதுவே குறைவு.

வண்ணப்படத்துக்குப் போதுமான அளவு கோட்டுப்படத்துக்குப் போதாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. அதனால் காரணத்தைச் சொல்கிறேன். திரையில் கோடு வழுவழுப்பாகத் தெரிவதற்காக மென்பொருள் அதன் விளிம்பில் சாம்பல் நிறப் புள்ளிகளை வைக்கிறது. அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் கிடையாது. கருப்பு மை ஒன்றுதான். சாம்பலைக் காட்டுவதற்காக நாங்கள் அதைச் சிறு சிறு புள்ளிகளாக உடைக்கிறோம். அதைத்தான் ஸ்கிரீன் போடுவது என்கிறோம். உங்கள் கோட்டின் விளிம்பும் அப்படியே உடைகிறது. நீங்கள் பார்த்த பொடிப்பொடியான ஓரம் அந்தப் புள்ளிகள்தான்.

இதைத் தவிர்க்க வேண்டுமானால் கோட்டுப்படம் முழுக் கருப்பும் முழு வெள்ளையுமாக, நடுவில் சாம்பல் இல்லாமல் வரவேண்டும். அளவு குறைந்தது 600 டிபிஐ, இயன்றால் 1200. கிரிட்டாவில் கிரேஸ்கேல் (வண்ணமில்லாமல் கருப்பு, சாம்பல், வெள்ளை மட்டும் உள்ள) கோப்பாக 600-இல் வரைந்துகொள்ளுங்கள். முடித்தபின் ஒரு நகல் எடுத்து, லேயர்களை ஒன்றாக்கி, அளவை 1200-க்கு உயர்த்தி, அதன்பின், சாம்பல் புள்ளிகளை முழுக் கருப்பாகவோ முழு வெள்ளையாகவோ மாற்றும் த்ரெஷோல்ட் வடிகட்டியைப் போடுங்கள். உயர்த்தும்போது சாம்பல் விளிம்பு உதவிக்கு வருவதால், த்ரெஷோல்ட் போட்டபின் கோடு படிக்கட்டாகத் தெரியாது. அந்தக் கோப்பை டிஃப் ஆகவோ பிஎன்ஜி ஆகவோ அனுப்பினால், அதைப் பிட்மேப் (கருப்பு, வெள்ளை என்ற இரண்டே நிலைகள் உள்ள கோப்பு) ஆக மாற்றுவது எங்கள் வேலை. ஜேபெக் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிவது போன்ற கறைகளை அது விட்டுச் செல்லும்.

கிரேஸ்கேல் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெம்மி முழுப்பக்கம் 600 டிபிஐ அளவில் ஏறத்தாழ 3307 × 5079 புள்ளிகள். வண்ணக் கோப்பில் ஒரு புள்ளிக்கு நான்கு பைட்டுகள் என்பதால், முழுதும் நிரம்பிய ஒரு லேயருக்கு 67 எம்பி தேவைப்படும். கிரேஸ்கேலில் இரண்டு பைட்டுகளே என்பதால் அது பாதியாகக் குறையும். 4 ஜிபி ரேம் உள்ள டேப்லெட்டில் இயங்குதளமும் மற்றச் செயலிகளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். கிரிட்டா கான்வாஸைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, வரைந்த கட்டங்களை மட்டுமே நினைவில் வைப்பதால், வெற்றிடம் மிகுந்த கோட்டுப்படத்துக்கு இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே பிடிக்கும். ஆனால் ஒரு லேயர் முழுவதும் வெள்ளையடித்தால் அந்தச் சலுகை போய்விடும்.

மிக மெல்லிய கோடுகளைப் பற்றியும் ஒரு சொல். 0.25 பாயின்ட், அதாவது ஏறத்தாழ 0.09 மி.மீ. தடிப்புக்குக் கீழே போகாதீர்கள். 600 டிபிஐ கோப்பில் அது இரண்டு புள்ளி அகலம். அதற்கும் கீழே உள்ள கண்ணிமைகளும் முடியிழைகளும் திரையில் அழகாக இருக்கும், தாளில் அறுந்து அறுந்து வரும்.

சிறுவர் நூல் என்றால் என்றாவது வண்ணமும் கேட்பார்கள். அப்போது மைக்கோட்டு லேயரை வண்ணத்தோடு ஒன்றாக்கிவிடாமல் தனிக் கோப்பாகக் கொடுங்கள். திரையில் உள்ள ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி) கருப்பை அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே-க்கு மாற்றும்போது அது நான்கு மைகளின் கலவையாகிவிடும். நான்கு தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். கோடு தனியாக இருந்தால் அதைக் கருப்புத் தகட்டில் மட்டும் வைத்து, வண்ணத்தின் மேல் ஓவர்பிரின்ட் செய்துவிடுவோம். படம் பக்க விளிம்புவரை செல்வதானால் வெட்டுக்காக நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரைந்து தாருங்கள்.


மைத்துளி எழுதியது:

மேலே உள்ள இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் கருவியைப் பற்றிய கேள்விக்கு யாரும் நேராக விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் ஐபேடில் ப்ரோகிரியேட் பயன்படுத்துபவள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் உள்ள ஹோபார்ட் நகரத்து நிறுவனம் ஒன்று 2011-இல் வெளியிட்ட செயலி அது. சந்தா இல்லாமல் ஒரே முறை பணம் கட்டி வாங்கலாம், ஆனால் ஆண்ட்ராய்டில் கிடையாது. அங்கேயும் நிலைமை மாறிவிடாது. கோட்டைச் சீராக்கும் ஸ்ட்ரீம்லைன் என்ற அமைப்பைக் கூட்டினால் அங்கேயும் கோடு கம்பியாகும். கான்வாஸ் பெரிதாகப் பெரிதாக அனுமதிக்கப்படும் லேயர்களின் எண்ணிக்கை அங்கேயும் குறையும். அளவுகோல் சோதனையில் அலை கண்ணை உறுத்தும் அளவுக்கு வந்தால் மட்டும் வேறு கருவியைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் கடைக்குச் சென்று, அதே அளவுகோலோடு சோதித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

எனக்கு இதில் வேறு ஒரு கருத்து உண்டு. கோட்டை ஏன் டேப்லெட்டில் வரைய வேண்டும்? உங்களுக்கு 18 ஆண்டுப் பழக்கமுள்ள நிப்பு கையில் இருக்கிறது. தாளிலேயே மையிட்டு, 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, டேப்லெட்டில் திருத்தங்களை மட்டும் செய்யலாமே. ஸ்கேன் செய்த லேயரை மல்டிப்ளை முறையில் வைத்தால் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும். அதற்கு அடியில் எதை வேண்டுமானாலும் வரையலாம். பாட்டி, மரம், குடை ஆகியவற்றைத் தனித்தனித் தாள்களில் வரைந்து ஸ்கேன் செய்துவிட்டால், எது வேண்டாம் என்றாலும் அந்த லேயரை அணைத்துவிட்டுப் போகலாம். நான் ஈராண்டுகள் இப்படித்தான் வேலை செய்தேன். என் பழைய கோட்டை இழக்காமல் இருந்ததற்கு அதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

முழுவதும் டேப்லெட்டிலேயே வரைவதென்று முடிவு செய்தால், கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் செயலியின் வெக்டர் லேயரையும் ஒருமுறை பாருங்கள். வரைந்து முடித்த கோட்டின் தடிப்பைப் பிறகு மாற்றலாம். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்வரை மட்டும் அழிக்கலாம். டேப்லெட்டில் அதற்குச் சந்தா கட்ட வேண்டும் என்பதை மனத்தில் கொள்க.


தொடுபேனா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் நீங்கள் சொன்னபடி செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

அளவுகோல் சோதனையில், மிக மெதுவாக இழுத்த சாய்கோட்டில் இலேசான அலை வந்தது; நான் வழக்கமாக வரையும் வேகத்தில் இழுத்தபோது வரவில்லை. எனவே கருவியின் பங்கு சிறியது என்று தெரிந்துகொண்டேன். நான் இதுவரை எந்த ஜூமில் வரைந்து வந்தேன் என்று பார்த்தபோதுதான் திகைப்பாக இருந்தது: முகங்களைப் பெரும்பாலும் 200 விழுக்காட்டுக்கு மேல் வைத்து வரைந்திருக்கிறேன். ஓரத்தில் 10 செ.மீ. கோட்டைப் போட்டு, அளவுகோலால் 15 செ.மீ. ஆக்கிக்கொண்டு வரைந்த முதல் நாளிலேயே மணிக்கட்டு தன் பழைய அசைவுக்குத் திரும்பிவிட்டது. 'ஸ்மூத் பிரஷர்' தெரிவை எடுத்துவிட்டு வெயிட்டடில் குறைந்த தொலைவை வைத்திருக்கிறேன். அழுத்த வளைகோட்டுக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. தாளில் நிப்பால் போட்ட 12 கோடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவற்றைப் போலவே திரையில் வரும்வரை வளைகோட்டைச் சிறிது சிறிதாக மாற்றினேன். இப்போது சேலை மடிப்பின் தடிப்பு நான் நினைக்கும் இடத்தில் வருகிறது.

அச்சுக்கூடம் ஐயா ஊகித்தது சரியே. அந்தப் படத்தைத் திரையளவுக் கான்வாஸில்தான் வரைந்திருந்தேன். இம்முறை 600-இல் கிரேஸ்கேலாக வரைந்து, 1200-க்கு உயர்த்தி, த்ரெஷோல்ட் போட்டு அனுப்பிய இரண்டு அரைப்பக்கப் படங்களின் அச்சுப்படி நேற்று வந்தது. உருப்பெருக்கியில் பார்த்தேன், கோடு முழுக் கருப்பாக நிற்கிறது. ஒரு குழந்தையின் புருவம் மட்டும் அறுந்திருந்தது, அது நீங்கள் சொன்ன 0.25 பாயின்ட்டுக்குக் கீழே போன இடம்.

மைத்துளி அம்மா சொன்ன வழியையும் விடவில்லை. அட்டைப்படங்களையும், கோயில் மண்டபம் போல நுண்வேலை மிகுந்த படங்களையும் தாளில் மையிட்டு ஸ்கேன் செய்வதென்றும், திருத்தம் வரக்கூடிய கதைப்படங்களை டேப்லெட்டில் வரைவதென்றும் பிரித்துக்கொண்டேன்.

ஒரே ஓர் ஐயம் மிஞ்சுகிறது. கண்ணாடி வழுக்குவதால் தாள் போன்ற சொரசொரப்புள்ள மேல்தாள் ஒன்றை ஒட்டலாமா என்று யோசிக்கிறேன். அதனால் பேனாமுனை தேய்ந்துவிடும் என்கிறார்களே?


கோடும்நிழலும் எழுதியது:

தேயும், ஐயா. நான் ஒட்டியிருக்கிறேன். வழுக்கல் குறைவதால் சிறு கோடுகள் நின்ற இடத்தில் நிற்கின்றன; அதற்கு ஈடாக முனை விரைவில் ஒருபக்கம் சாய்வாகத் தேய்கிறது, திரையும் சற்று மணல் தூவியது போல் தெரிகிறது. முனையைக் கழற்றி மாற்றக்கூடிய பேனாவாக இருந்தால் கவலையில்லை. மாற்று முனைகளை வாங்கி வைத்துக்கொண்டு, விரலால் தடவும்போது ஒரு விளிம்பு தட்டுப்படத் தொடங்கியவுடன் மாற்றிவிடுங்கள். கூராகத் தேய்ந்த முனை மேல்தாளையே கீறிவிடும். ஒட்டுவதற்கு முன்பு இப்போதுள்ள அழுத்த வளைகோட்டைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பு வந்தபின் கை தானாகவே சற்றுக் கூடுதலாக அழுத்தும், அப்போது வளைகோட்டை இன்னொரு முறை தாழ்த்த வேண்டியிருக்கும்.